விசைப் பரிசோதனைப் பெட்டி: விற்றராசுக்கு ஒரு விலை, மற்றவை இலவசம்

யாழ்ப்பாண நகரத்து எழுதுபொருள் கடையொன்றில் 1,950 ரூபாவுக்கு வாங்கிய விசைப் பரிசோதனைப் பெட்டியைத் தரம் 10 மாணவர்களுடன் இரண்டு வாரங்கள் பயன்படுத்திப் பார்த்த பின்னரே இதனை எழுதுகிறேன். பலூன், நூல், உறிஞ்சுகுழாய், கடதாசி மட்டை, மரக்குற்றி, அரத்தாள், 10 நியூட்டன் வரை விசையை அளக்கும் விற்றராசு (சுருளிவில்லின் நீட்சியைக் கொண்டு அளக்கும் தராசு), விளக்கத்தாள் ஆகியன அதில் உள்ளன. முதல் நான்கும் எந்த வீட்டிலும் கிடப்பவை.

விற்றராசு நன்றாகவே இருக்கிறது. 200 கிராம் தேயிலைப் பொதியைத் தொங்கவிட்டபோது 2.3 நியூட்டன் காட்டினாலும், திருகாணியைத் திருப்பிச் சுட்டியைப் பூச்சியத்தில் நிறுத்திய பின்னர் ஏறத்தாழ 2 நியூட்டன் காட்டியது. அதனை மரக்குற்றியில் கொளுவி மேசைமீது மெதுவாக இழுக்கும்போது, குற்றி அசையத் தொடங்கும் கணம்வரை வாசிப்பு ஏறி, அது நகரத் தொடங்கியதும் சற்றே இறங்குவதால், எல்லை உராய்வு (பொருள் அசையத் தொடங்கும் கணத்திலுள்ள உச்ச உராய்வு) என்பதை மனனம் செய்து மட்டுமே அறிந்திருந்த பிள்ளைகள் அதைக் கண்ணால் கண்டார்கள். அகன்ற பக்கத்தில் வைத்தாலும் ஒடுங்கிய பக்கத்தில் வைத்தாலும் வாசிப்பு அநேகமாக மாறாதிருந்தது பெரும் வாக்குவாதத்தைக் கிளப்பியது. பரப்பு கூடினால் உராய்வும் கூடும் என்றே வகுப்பில் பாதிப்பேர் நம்பியிருந்தார்கள். அரத்தாளை விரித்து இழுத்தபோது வாசிப்பு உயர்ந்தது யாரையும் வியப்பில் ஆழ்த்தவில்லை.

குறை முழுவதும் விளக்கத்தாளில்தான். நூலில் கோத்த உறிஞ்சுகுழாயில் ஒட்டிய பலூன், வெளியேறும் வளி பின்னாலுள்ள வளியில் மோதுவதால் முன்னோக்கி ஓடுகிறது என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். இது தவறு. பலூன் தன்னுள் இருக்கும் வளியைப் பின்னோக்கித் தள்ள, அந்த வளி பலூனை முன்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டன் 1687 இல் வெளியிட்ட மூன்றாம் விதி கூறும் தாக்கமும் மறுதாக்கமும் இவையே. மோதுவதற்கு வெளியே வளி வேண்டுமென்றால், வெற்றிடத்தில் ரொக்கெற்று எப்படிப் பறக்கும்? குவளைமீது மட்டையையும் அதன்மீது நாணயக்குற்றியையும் வைத்துச் சடத்துவத்தை (ஓய்விலுள்ள பொருள் அப்படியே இருக்க முனைவதை) காட்டும் பரிசோதனையிலும், மட்டையைச் சட்டெனச் சுண்டினால்தான் நாணயக்குற்றி குவளைக்குள் விழும் என்ற முக்கியமான குறிப்பு விடுபட்டிருக்கிறது. மெல்ல இழுத்த பிள்ளைகளுக்கு நாணயக்குற்றி மட்டையோடு சேர்ந்தே வந்தது. திணிவை (பொருளிலுள்ள சடப்பொருளின் அளவை) சொல்ல வேண்டிய இரண்டு இடங்களில் நிறை (அதனைப் புவி இழுக்கும் விசை) என்று எழுதியதை, பரீட்சைக்குத் தயாராகும் மாணவருக்கு விற்கும் பொருளில் சிறு பிழையாகக் கொள்ள முடியவில்லை.

விளக்கத்தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, ஆசிரியரோ பெற்றோரோ பக்கத்தில் நின்று செய்விப்பதானால் இதனை வாங்கலாம். மற்றவர்கள் விற்றராசை மட்டும் தேடி வாங்குவது நல்லது. அதனைத் தனியாகத் தர முடியுமா என்று கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன், பெட்டியாகத்தான் தருவாராம்.