பல்பை அணைக்கவா, உறைய வைக்கவா? ஆட்டோகேட் லேயர்களை மறைக்கும் வழிகள்

கட்டட வரைபடம் போடும் மென்பொருளான ஆட்டோகேடில், சுவர், பீம், வயரிங், பிளம்பிங், ஃபால்ஸ் சீலிங், அளவுக்கோடு என்று ஒரே தளத்தின் வரைபடத்திலேயே நூறு லேயர், அதாவது அடுக்கு, சேர்ந்துவிடும். வேண்டாததை மறைக்காமல் வேலை ஓடாது. லேயர் பட்டியலில் பல்பு படமும் சூரியன் படமும் பக்கத்திலேயே இருக்கின்றன. எதைத் தட்டினாலும் கோடு மறைகிறது, பிரிண்டிலும் வராது. அப்புறம் என்ன வித்தியாசம்?

பல்பை அணைத்தால், அதாவது ஆஃப் செய்தால், கோடு கண்ணிலிருந்து மறையும், கணக்கிலிருந்து மறையாது. ரீஜென், அதாவது படத்தைத் திரையில் புதிதாக வரையும் கட்டளை, கொடுக்கும்போது அதையும் சேர்த்தே கணக்கிடும். வரைந்தது மொத்தமும் திரைக்குள் அடங்கும்படி காட்டும் ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுத்தால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கோட்டுக்காகப் படம் கடுகாகச் சுருங்கும். சூரியனைத் தட்டி ஃப்ரீஸ் செய்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஆனால் நடப்பு லேயரை, அதாவது இப்போது வரைந்துகொண்டிருக்கும் லேயரை, ஃப்ரீஸ் செய்ய முடியாது, ஆஃப் செய்யலாம்.

உண்மையான ஆபத்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க 'ஆல்' என்று தட்டும்போதுதான். எரேஸ் கட்டளையில் 'ஆல்' கொடுத்தால் ஆஃப் லேயரில் இருப்பதும் அழியும். நான் ஒருமுறை அப்படித்தான் அளவுக்கோடுகள் மொத்தத்தையும் காலி செய்தேன், கவனித்தது மறுநாள். சரி, இனி எல்லாமே ஃப்ரீஸ் என்று முடிவெடுத்தால், மூவ் கட்டளை காத்திருக்கிறது. 'ஆல்' கொடுத்துப் படத்தை நகர்த்தினால் உறைந்த லேயரில் இருப்பவை பழைய இடத்திலேயே நின்றுவிடும். ஆக, அழிக்கும்போது ஆஃப் மோசம், நகர்த்தும்போது ஃப்ரீஸ் மோசம்.

பல கோடுகளை ஒரே பொருளாகச் சேர்த்து வைக்கும் பிளாக்கிலும் இரண்டும் ஒன்றல்ல. பிளாக்கைச் செருகிய லேயரை ஃப்ரீஸ் செய்தால் முழு பிளாக்கும் போய்விடும். ஆஃப் செய்தால், உள்ளே வேறு லேயரில் வரைந்த கோடுகள் மட்டும் எலும்புக்கூடு மாதிரி நிற்கும்.

ஒரே மாடலிலிருந்து மின்சாரத்துக்கு ஒரு ஷீட், பிளம்பிங்குக்கு ஒரு ஷீட் என்று எடுப்பவர்களுக்கு இரண்டுமே சரிவராது. வியூபோர்ட் ஃப்ரீஸ்தான் வழி; வியூபோர்ட் என்பது ஷீட்டில் மாடலைக் காட்டும் ஜன்னல். மறைப்பது அந்த ஒரு வியூபோர்ட்டோடு முடிந்துவிடும். அவசரத்தில் அதற்குப் பதில் பொது ஃப்ரீஸைத் தட்டினால் எல்லா ஷீட்டிலும் அந்த லேயர் காணாமல் போகும். பிரிண்ட் எடுத்த பிறகு தெரிந்தால் பேப்பர் செலவு வேறு.

கொஞ்ச நேரம் ஒரு லேயரை மட்டும் பார்க்க லேயர் ஐசோலேட் போதும். மற்றவை மறையாமல் மங்கலாகவே தெரிகின்றன என்றால் பழுது இல்லை. பூட்டி மங்க வைக்கும் அமைப்பில் இருக்கிறது, ஆஃப் என்று மாற்றிக்கொள்ளலாம்.

என் தேர்வு: கணநேரம் எட்டிப்பார்க்க மட்டும் ஆஃப், மாடலில் நாள்முழுக்க வேண்டாததற்கு ஃப்ரீஸ், ஷீட்டுக்கு வியூபோர்ட் ஃப்ரீஸ். எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்ற ஒரே சேர்க்கை அடிக்கடி தேவைப்பட்டால் லேயர் ஸ்டேட்டாகச் சேமித்துவிடுவேன். அதிலும் ஒரு கண்ணி உண்டு. சேமித்த பிறகு சேர்த்த புது லேயர்கள் அந்த ஸ்டேட்டில் இருக்காது. திரும்பக் கொண்டுவரும்போது, ஸ்டேட்டில் இல்லாதவற்றை மறைக்க ஒரு டிக் இருக்கிறது. அது அவற்றை உறைய வைப்பதில்லை, பல்பைத்தான் அணைக்கிறது.