ரெட் ஓக் விக்டரி: எஞ்சின் ரூமுக்காகவே போகலாம்

சான் பிரான்சிஸ்கோ பக்கம் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் தங்கும் அப்பா அம்மாக்களை எல்லோரும் கோல்டன் கேட் பாலத்துக்குக் கூட்டிப்போவார்கள். ரிச்மண்டில் அருங்காட்சியகமாக நிற்கும் இந்தச் சரக்குக் கப்பலை யாரும் சொல்வதில்லை.

பெரிய போர்க்கப்பலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். முன்னால் ஒரு 3 அங்குல பீரங்கி, பின்னால் ஒரு 5 அங்குலம், சில சின்னத் துப்பாக்கிகள், அவ்வளவுதான். மீதியெல்லாம் சரக்குக் கிடங்கும், சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச்சும். அதே ஊரில் கைசர் கம்பெனி தளத்தில் கட்டி, 1944 நவம்பர் 9 அன்று தண்ணீரில் இறக்கினார்கள். டிசம்பர் 5 அன்று கடற்படை எடுத்துக்கொண்டு ஏகே-235 என்று எண் போட்டது. வேலை, இரண்டாம் உலகப் போரில் பசிபிக்கில் இருந்த போர்க்கப்பல்களுக்கு வெடிமருந்து கொண்டுபோய்க் கொடுப்பது. அந்த வருடம் ஜூலை 17 அன்றுதான் பக்கத்தில் போர்ட் சிகாகோவில் கப்பலில் குண்டு ஏற்றும்போது வெடித்து 320 பேர் இறந்திருந்தார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு கிடங்கை எட்டிப் பாருங்கள், வயிற்றைக் கலக்கும். இந்தக் கப்பலில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

நான் அனல் மின் நிலையத்தில் டர்பைன் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் எஞ்சின் ரூமை விட்டு வர மனசே இல்லை. நீராவியால் சுழலும் டர்பைன்கள்தான் இதன் எஞ்சின்: உயர் அழுத்த டர்பைன் ஒன்று, தாழ் அழுத்த டர்பைன் ஒன்று, பக்கத்துப் பக்கத்தில். எங்கள் மின் நிலையத்தில் டர்பைனும் ஜெனரேட்டரும் ஒரே தண்டில் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும். இங்கே ப்ரொப்பெல்லருக்கு நிமிடத்துக்கு நூறு சுற்று அளவுக்குத்தான் தேவை, அதற்காக இரண்டு கட்டமாக வேகத்தைக் குறைக்கும் கியர். கியர் பெட்டியைப் பார்த்தாலே கும்பிடத் தோன்றுகிறது. இதற்கு முன் போருக்காகக் கட்டிய லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பல்களில் 2500 குதிரைத்திறன் பிஸ்டன் எஞ்சின், வேகம் 11 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). இதில் 6000 குதிரைத்திறன், 15 நாட்டுக்கு மேல் போகும். நீர்மூழ்கி துரத்தும்போது அந்த நாலு நாட் சும்மா இல்லை.

1946இல் கடற்படை விட்டுவிட்டது. அப்புறம் வணிகச் சரக்கு, கொரியப் போர், வியட்நாம் போர் என்று ஓடி, 1968இல் பக்கத்தில் உள்ள சுசூன் (Suisun) விரிகுடாவில் கட்டிப்போட்டார்கள். 1998இல் ரிச்மண்ட் அருங்காட்சியகத்துக்கு வந்தது.

எஞ்சின் ரூமுக்கு இறங்கும் ஏணி செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் மேல் டெக்கோடு நிறுத்திக்கொள்ளலாம். என் மனைவி அப்படித்தான் செய்தாள், காற்று வாங்கினதே போதும் என்றாள். புடவையும் செருப்பும் வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். சுற்றிக் காட்டுபவர்கள் தன்னார்வலர்கள், கேள்வி கேட்டால் விடமாட்டார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பலிலேயே பான்கேக் டிபன் போடுகிறார்கள். தேதியைப் பார்த்துக்கொண்டு போங்கள்.