சுங்கை சிப்புட்டில் கல்லூரித் தலைவர்களுக்கான பயிற்சி: 480 வெள்ளிக்கு என்ன கிடைக்கிறது

சிறிய தனியார் கல்லூரிகளை நடத்துவோருக்கென்று மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இரண்டு சனிக்கிழமைகளில் நடக்கும் பயிற்சி இது. ஒருவருக்கு 480 வெள்ளி. மதியச் சாப்பாடும் குறிப்புக் கோப்பும் அதில் அடக்கம். விளக்கம் தமிழில், ஆவணங்கள் மலாயில். கோலாலம்பூரில் நடக்கும் பயிற்சிகள் பெரிய பல்கலைக்கழகங்களை மனத்தில் வைத்துப் பேசுகின்றன. கடைவீட்டு மாடியில் இரண்டு டிப்ளோமா, ஒரு சான்றிதழ்ப் படிப்பு, முதலாளியின் மைத்துனரே கணக்கர் என்றிருக்கும் இடத்துக்கு அந்தப் பேச்சு உதவாது. இங்கே தோட்டப்புறத்துப் பிள்ளைகளை நம்பி நடக்கும் கல்லூரியையே எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

முதல் நாள் காலை சட்டப் பகுதி ஓட்டமாகப் போகிறது. 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விக் கழகச் சட்டம், 2007ஆம் ஆண்டின் எம்.கியூ.ஏ. (படிப்புகளை அங்கீகரிக்கும் மலேசியத் தகுதி முகமை) சட்டம், பாட அங்கீகார நெறிமுறையின் இரண்டாம் பதிப்பில் உள்ள ஏழு பிரிவுகள் என்று பட்டியல்தான். வரிசையை மட்டும் அழுத்திச் சொல்கிறார்கள், அது நல்லது: முதலில் எம்.கியூ.ஏ.வின் தற்காலிக அங்கீகாரம், பிறகு உயர்கல்வி அமைச்சின் அனுமதி, அதன் பிறகே மாணவர் சேர்ப்பு. முதல் தொகுதி மாணவர்கள் இறுதியாண்டுக்கு வரும்போது முழு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சைபர்ஜெயாவிலுள்ள எம்.கியூ.ஏ.விடமிருந்து முதல் கடிதம் வந்த கையோடு விளம்பரப் பிரிவு பதாகை கட்டிவிடுவதுதான் வழக்கமான கோளாறு. புத்ராஜெயாவிலுள்ள அமைச்சின் அனுமதிக் கடிதம் வராமல் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் பொறுப்பு கல்லூரித் தலைவரின் தலையில் வந்து விழும்.

பயிற்சியின் உயிர் மதியத்துக்குப் பிறகுதான். ஒரு கற்பனைக் கல்லூரியின் சேர்க்கைப் பட்டியலைக் கையில் கொடுக்கிறார்கள். டிப்ளோமாவுக்கு ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மில் குறைந்தது மூன்று கிரெடிட் (சி அல்லது அதற்கு மேல்) வேண்டும், சான்றிதழ்ப் படிப்புக்கு ஒன்று. பட்டியலில் எட்டுப் பேருக்கு இரண்டு கிரெடிட்தான். ஆளுக்கு 18,000 வெள்ளி கட்டணம் என்றால் மொத்தம் 144,000 வெள்ளி. "பார்த்து அனுசரித்துப் போங்கள், சார்" என்கிறார் இயக்குநர். கல்லூரித் தலைவர் என்ன செய்வது?

பயிற்றுநர் காட்டும் வழி கச்சிதமானது. கூட்டத்தில் எழுந்து முடியாது என்று சொல்லக் கூடாது. அதற்கு இரண்டு நாள் முன்பே கணக்கரையும் விளம்பரப் பிரிவுத் தலைவரையும் தனித்தனியே பார்க்க வேண்டும். கணக்கரிடம் எடுத்துப் போவது விதியை அல்ல, பணக் கணக்கை: முழு அங்கீகாரச் சோதனையில் இந்த எட்டுக் கோப்புகள் வெளியே வந்தால் மற்ற மாணவர்களின் படிப்பும், அவர்களின் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனும் என்ன ஆகும் என்பதை ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். விளம்பரப் பிரிவுக்கு மாற்று வழி காட்ட வேண்டும்: எட்டுப் பேரையும் சான்றிதழ்ப் படிப்பில் சேர்த்து, முடித்தபின் டிப்ளோமாவுக்கு ஏற்றலாம், 20 வயதைத் தாண்டி வேலை அனுபவம் உள்ளவருக்கு, அந்த அனுபவத்தையே தகுதியாக மதிப்பிட்டுச் சேர்க்கும் ஏப்பல் வழியும் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் படிக்க வருவோர் உள்ள ஊரில் இதைப் பல கல்லூரிகள் எடுத்துச் சொல்வதே இல்லை. இரண்டு பேரும் சம்மதித்த பிறகு இயக்குநரிடம் போனால், அவர் மறுப்பைக் கேட்பதில்லை, தயாராக இருக்கும் ஏற்பாட்டைக் கேட்கிறார். இந்த ஒரு மணி நேரத்துக்கே கட்டணம் தகும்.

அடுத்தது கூட்டக் குறிப்பு. உண்மையான வடிவில் ஒரு பக்கத்தைத் திரையில் போட்டு வரிவரியாகத் திருத்துகிறார்கள். "விரிவுரையாளர் பற்றாக்குறை விவாதிக்கப்பட்டது" என்ற வரி அடிக்கப்படுகிறது. அதன் இடத்தில் என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், சான்று எந்தக் கோப்பில் என்று நான்கு கட்டங்கள் வருகின்றன. மூன்று வேலை நாளுக்குள் குறிப்பு எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும். அடுத்த கூட்டத்தின் முதல் வேலை பழைய கட்டங்களை மூடுவது. எம்.கியூ.ஏ.வின் மதிப்பீட்டுக் குழு தேடுவதும் இதைத்தான்: குறை கண்டார்களா, எதைச் செய்தார்கள், பலன் பார்த்தார்களா. முதலாளி வாய்வழியாகச் சொன்ன உத்தரவைப் பணிவான மின்னஞ்சலாக்கி, "நேற்று தாங்கள் சொன்னபடி" என்று அனுப்பி வைக்கும் பழக்கமும் இங்கே கற்றுத் தரப்படுகிறது. பின்னாளில் பழி யார் மேல் விழும் என்பதை அந்த மின்னஞ்சல் தீர்மானிக்கும்.

இரண்டாம் சனிக்கிழமை சரிவு. ஒய்.பி. எனப்படும் மக்கள் பிரதிநிதியின் அலுவலகத்திலிருந்து வரும் சிபாரிசுக் கடிதத்தை ஐந்து நிமிடத்தில் தாண்டிவிடுகிறார்கள். தோட்டப்புற ஊரில் இதைவிடப் பெரிய தலைவலி எது? பதில் கடிதத்தின் மாதிரி ஒன்றாவது கொடுத்திருக்க வேண்டும்: ஒரு வாரத்துக்குள் நன்றியோடு பதில், மாணவரின் தகுதிக்குப் பொருந்தும் படிப்பு எது என்ற தகவல், கோப்பில் ஒரு பிரதி. அலுவலகத்தோடு பகை வராது, விதியும் மீறப்படாது.

பெரிய குறை வேறு. வந்தவர்களில் பாதிப் பேர் எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழ்ப் பயிற்சி நடத்தும் திறன் மையக்காரர்கள். அவர்களுக்குச் சட்டம் வேறு, 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம். மேலிடமும் வேறு, திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே. அங்கே தணிக்கைக்கு வருபவர் பயிற்சி பெறுவோரின் மதிப்பீட்டுப் பதிவு, நோஸ் எனப்படும் தேசியத் தொழில்திறன் தரநிலைப்படி பட்டறையில் இருக்க வேண்டிய கருவிகள், பி.பி. (மதிப்பீட்டு அதிகாரி), பி.பி.டி. (உள் சரிபார்ப்பு அதிகாரி) ஆகியோரின் கையெழுத்து ஆகியவற்றைத்தான் கேட்பார். பயிற்றுநரோ எம்.கியூ.ஏ.வுக்கான கோப்பு முறையையே அவர்களுக்கும் பரிந்துரைக்கிறார். அது தவறான ஆலோசனை. பட்டறையில் வெல்டிங் எந்திரம் போதாமல் இருக்கும்போது கூட்டக் குறிப்பு எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. அரைமணி நேரம் ஒதுக்கியது போதாது. திறன் மையங்களுக்கு ஒரு தனி நாளே வேண்டும்.

சாப்பாடு நன்றாக இருக்கிறது. மண்டபத்தின் ஒலிபெருக்கி மோசம், பின்வரிசையில் உட்கார வேண்டாம்.

டிப்ளோமா நடத்தும் கல்லூரியின் முதல்வர், துணை முதல்வர், பதிவாளர் மூவரும் சேர்ந்து போவது நல்லது. ஒருவர் மட்டும் கேட்டுவிட்டு வந்து மற்றவர்களுக்குச் சொன்னால் அலுவலகத்தில் எடுபடாது. திறன் மையத்தார் முதல் சனிக்கிழமைக்கு மட்டும் பாதிக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்வார்களா என்று பதிவின்போதே கேட்டுவிடுங்கள். போகிறவர்கள் கடைசி மூன்று கூட்டங்களின் குறிப்புகளையும், பெயர்களை மறைத்த சேர்க்கைப் பட்டியலையும் எடுத்துப் போகலாம். இடைவேளையில் பயிற்றுநரிடம் கொடுத்தால் சிவப்பு மையால் குறித்துத் தருகிறார். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.