பாறைக்கு வயது சொல்வது யார்: ஃபோராமா, கோக்கோலித்தா, ரேடியோலேரியாவா, கோனோடோன்டா?

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தின் களிமண் மேடுகளுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அம்மோனைட் என்ற, அழிந்துபோன கடல் உயிரின் புதைபடிவத்தைத் தேடித்தான் போகிறார்கள். சுருண்ட ஓடு ஒன்று கிடைத்தால் போதும், இங்கே டைனோசர் யுகத்தின் கடைசிப் பகுதியான கிரெட்டேசியக் காலத்தில் கடல் இருந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அடுக்குக்கு அடுக்கு வயதைப் பிரித்துச் சொல்ல, அதே மண்ணில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ஓடுகளே அதிகம் உதவும் என்பது என் கட்சி. எண்ணெய்க் கிணற்றுக்காகத் துளையிடும்போது அம்மோனைட் நொறுங்கிவிடும். அரை மில்லிமீட்டர் ஓடோ துளைத்தூளோடு முழுதாக மேலே வந்து சேரும். 1920களில் டெக்சாஸ் எண்ணெய் நிறுவனங்கள் எஸ்தர் ஆப்லின் போன்ற பெண் ஆய்வாளர்களை நுண்ணோக்கியின் முன் அமர்த்தியது இதற்காகத்தான்.

அவர்கள் பார்த்தது ஃபோராமினிஃபெரா. துறையினர் சுருக்கமாக ஃபோராம் என்பார்கள். ஒற்றைச் செல் உயிர்; பெரும்பாலானவற்றுக்குச் சுண்ணாம்பு ஓடு. களிமண்ணை ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் கழுவிக் காயவைத்து, ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனால் பலன் பெரிது. மிதவை இனங்கள் கடல்தோறும் பரவின, விரைவாக மாறின. அவற்றால் வயது தெரியும். கடல் தரையில் வாழ்ந்த இனங்கள் அந்தக் கடலின் ஆழத்தைச் சொல்லும். ஒரே தட்டில் இரண்டு விடைகள்!

இதன் வலிமைக்கு ராஜமுந்திரியைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அங்குள்ள கல் குவாரிகளில் தக்காண எரிமலைக் குழம்பின் இரு பாறைத் தொகுதிகளுக்கு நடுவே கடல் படிவு ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது. அதில் டேனியன் காலத் தொடக்கத்து மிதவை ஃபோராம்கள் இருப்பதை நிலவியலாளர் கெர்டா கெல்லரின் குழுவினர் 2008இல் காட்டினார்கள். டைனோசர்களை அழித்த பேரழிவை அடுத்து வந்த காலம்தான் டேனியன். அதாவது, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பேரழிவில் தப்பிய உயிர்களிலிருந்து புதிதாகக் கிளைத்த சிற்றினங்கள். கீழ்த் தொகுதி அந்தப் பேரழிவை ஒட்டி முடிந்தது என்ற முடிவு இதிலிருந்துதான் பிறந்தது. எரிமலைப் பாறைக்குக் கதிரியக்க முறை சொன்ன வயதில் அன்று லட்சக்கணக்கான ஆண்டுகள் கூடவோ குறையவோ இடமிருந்தது. ஓடுகள் அந்த இடைவெளியைச் சுருக்கின.

வேகம் என்று வந்தால் கோக்கோலித்தை எதுவும் நெருங்க முடியாது. மிதவைப் பாசியின் மேல் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தகடுகள் இவை, சில மைக்ரான் அளவுதான். ஒரு சிட்டிகைத் தூளை நீரில் குழைத்துக் கண்ணாடித் தகட்டில் பல்குத்தும் குச்சியால் தேய்த்தால் சில நிமிடங்களில் பார்க்கத் தயார். 1971இல் ஆய்வாளர் மார்ட்டினி வகுத்த மண்டலங்கள், அந்தப் பேரழிவுக்குப் பிந்தைய காலங்களான பேலியோஜீனையும் நியோஜீனையும் சேர்த்து 46 துண்டுகளாக்கின. குறை அந்தச் சிறுமையில்தான் இருக்கிறது. பழைய படிவு அரித்து வரும்போது பழைய கோக்கோலித்தும் சேர்ந்து வந்து புதிய சேற்றில் படிந்துவிடும். ஃபோராம் இடம் பெயர்ந்திருந்தால் தேய்மானமோ நிறமோ பல நேரம் காட்டிக்கொடுக்கும். கோக்கோலித்தில் அந்தத் தடயம் எளிதில் கிடைக்காது.

கிணற்றுத் தூளில் இரண்டுக்கும் பொதுவான இன்னொரு சிக்கல் உண்டு. மேலடுக்கிலிருந்து சரிவது கீழே கலக்கும் என்பதால், ஓர் இனம் தோன்றிய மட்டத்தை நம்ப முடியாது. மறைந்த மட்டத்தையே நம்ப வேண்டும்.

நாலைந்து கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே கடல்நீர் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். அங்கே ரேடியோலேரியா என்ற ஒற்றைச் செல் மிதவை உயிரின் சிலிக்கா ஓடுதான் துணை. ஜப்பானில் இது நிலவியலையே புரட்டிப்போட்டது. அங்குள்ள சுண்ணாம்புக்கல் பாளங்களில் இருந்த ஃபியூசுலினா என்ற பெரிய ஃபோராமைப் பார்த்து, மலைத்தொடரின் பெரும்பகுதி டைனோசர்களுக்கு முந்தைய பேலியோசோயிக் காலத்தது என்று நம்பியிருந்தார்கள். 1970களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் பாறையை அரித்து ரேடியோலேரியாவை எடுத்தபோது, பாளங்களைச் சுற்றியிருந்த சேற்றுப்பாறை அதற்குப் பிந்தைய ஜுராசிக் காலத்தது என்று தெரிந்தது. ஃபியூசுலினா பொய் சொல்லவில்லை. பழைய பாளம் புதிய சேற்றுக்குள் வந்து சேர்ந்திருந்தது.

கோனோடோன்ட் என்பது விலாங்கு போன்ற ஒரு கடல் உயிரின் பல் போன்ற நுண்படிவம். அது அரியலூர் பக்கம் எதற்கும் உதவாது, ஏனென்றால் ஜுராசிக்குக்கு முந்தைய டிரையாசிக் காலத்தின் முடிவோடு அந்த வம்சமே அற்றுப்போயிற்று. அதற்கு முந்திய பாறை என்றால் முதல் இடம் அதற்குத்தான். சீனாவின் மெய்ஷானில் பெர்மியன் முடிந்து டிரையாசிக் தொடங்கும் கோட்டை, 2001இல் ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற கோனோடோன்டின் முதல் தோற்றத்தை வைத்தே உலகம் ஏற்றுக்கொண்டது. வெப்பம் ஏற ஏற அந்தப் பாஸ்பேட் பற்கள் வெளிர்மஞ்சளிலிருந்து கறுப்பாகும் என்பதால், பாறை எவ்வளவு சூடேறியது என்பதும் தெரிந்துவிடும்.

காவிரிப் படுகையில் வேலை செய்கிறவருக்கு என் தெரிவு இதுதான்: முதலில் கோக்கோலித்தைப் பார்த்துத் தோராயமாக நிற்குமிடத்தை அறியுங்கள், பிறகு ஃபோராமைக் கொண்டு உறுதிசெய்யுங்கள். ஆனால் டைனோசர் எலும்புகள் கிடைக்கும் கல்லமேட்டுப் படிவில் இரண்டும் கைவிடும், அது ஆறு கொண்டுவந்து சேர்த்த மண். அதற்கு மேலுள்ள நினியூர் படிவில் கடல் திரும்பி வரும்போது காலம் ஏற்கெனவே டேனியன். பேரழிவின் கோடு இரண்டுக்கும் நடுவில் எங்கே ஓடுகிறது என்பதை மகரந்தத் துகளிடமும் பாறையின் காந்தத் திசையிடமும்தான் கேட்க வேண்டும்.