480 கிராம் என்று விற்கிறார்கள், தராசில் 742: ஃப்ரேம்லெஸ் பை வாங்குவோர் கவனத்துக்கு

ஆன்லைனில் இப்போது அடிக்கடி கண்ணில் படும் ஒரு ட்ரெக்கிங் பை பற்றிய எச்சரிக்கை இது. விளம்பரத்தில் இருப்பது: அல்ட்ராலைட் ஃப்ரேம்லெஸ் (சுமை தாங்கும் சட்டம் இல்லாத) பேக்பேக், 40 லிட்டர், எடை 480 கிராம், டைனீமா கிரிட்ஸ்டாப் துணி, முழு வாட்டர்ப்ரூஃப், 15 கிலோ தாங்கும். விலை 6,499 ரூபாய். வந்து சேர்ந்த பையில் விலையைத் தவிர வேறு எதுவும் சொன்னபடி இல்லை. விற்றவர் பெயரை எழுதவில்லை. அதே படம், அதே வாசகம், நாலைந்து கடைப் பெயர்கள் என்று வியாபாரம் நடக்கிறது. ஒரு பெயரைச் சொன்னால் இன்னொன்றில் போய் மாட்டுவீர்கள். வீட்டிலேயே ஒரு தராசு, ஒரு தையல் டேப், ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அதைவிட உபயோகப்படும்.

முதலில் எடை. சமையலறை எலக்ட்ரானிக் தராசு போதும். இடுப்புப் பட்டை, மார்புப் பட்டை எல்லாம் மாட்டியபடி, படத்தில் இருக்கும் அதே கோலத்தில் வைத்தால் 742 கிராம். அப்படியானால் 480 எங்கிருந்து வந்தது? கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றித் தனித்தனியாக நிறுத்துப் பார்த்ததில் விடை கிடைத்தது. இடுப்புப் பட்டை 118, முதுகுப் பக்கம் செருகும் ஃபோம் தகடு 86, முன்பக்க எலாஸ்டிக் கயிறு 38, மார்புப் பட்டை 18. கூட்டினால் 260. மிச்சம் 482. ஆக அந்த எண் முழுப் பொய்யில்லை, உடுப்பெல்லாம் உரித்த பையின் எடை. ஃபோம் தகட்டை எடுத்துவிட்டால் உள்ளே வைக்கும் அடுப்பின் விளிம்பு முதுகில் குத்தும் என்பதை மட்டும் எங்கும் சொல்லவில்லை. வாங்கும் முன் "எல்லாம் மாட்டியபடி எத்தனை கிராம்?" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சாட்டில் இருந்தால் பிறகு புகாருக்கு உதவும்.

லிட்டர் கணக்கில்தான் பெரிய தில்லுமுல்லு. பைக்குள் போர்வையைத் திணித்து நன்றாக உப்பவைத்து, நடுவில் டேப்பைச் சுற்றிச் சுற்றளவு எடுங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 12.57-ஆல் வகுத்தால் கன சென்டிமீட்டரில் கொள்ளளவு. அதை ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். இந்தப் பையின் சுற்றளவு 84 செ.மீ. மேல்வாயை மூன்று சுருட்டு சுருட்டிப் பூட்டிய பிறகு உயரம் 46 செ.மீ. கணக்குப் போட்டால் 25.8 லிட்டர். அதுவும் பை முழு வட்டம் என்று வைத்துப் போட்டது. முதுகுப் பக்கம் தட்டையாக இருப்பதால் உண்மையில் இன்னும் குறையும். வாயைச் சுருட்டாமல் நுனிவரை அளந்தால் உயரம் 60, கொள்ளளவு 33.7. வெளியே இருக்கும் வலைப் பையையும் இரண்டு பக்கப் பாக்கெட்டையும் தாராளமாகச் சேர்த்தால் 40 வந்துவிடும். ஆனால் வாயைச் சுருட்டாமல் இந்தப் பையை மூடவே முடியாது. மூட முடியாத இடத்தையும் விற்றிருக்கிறார்கள்.

இதை அளக்க முறையான வழி உண்டு. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் எஃப்2153 முறையில் 20 மி.மீ. பிளாஸ்டிக் உருண்டைகளைப் பைக்குள் நிரப்பி, அந்த உருண்டைகளின் கன அளவைப் பார்ப்பார்கள். ஒழுங்கான தயாரிப்பாளர்கள் சிலர் மெயின் அறை, சுருட்டும் கழுத்து, வெளிப் பாக்கெட் என்று மூன்றையும் பிரித்தே போடுகிறார்கள். ஒரே மொத்த எண் மட்டும் இருந்தால் டேப்பை எடுங்கள்.

அடுத்தது துணி. டைனீமா என்பது மிக வலுவான பாலிஎத்திலீன் இழை. அதற்குச் சாயம் சரியாக ஏறாது. அதனால்தான் கிரிட்ஸ்டாப் துணியில் கறுப்பு அல்லது சாம்பல் நைலானுக்கு நடுவே அது வெள்ளைக் கட்டங்களாகத் தெரிகிறது. இந்த வெள்ளைக் கோடுதான் ஏமாற்றுபவருக்கும் வசதி: வெள்ளை பாலியஸ்டர் நூலை ஓட்டிவிட்டால் படத்தில் வித்தியாசம் தெரியாது. இன்னும் மலிவானதில் கட்டத்தை அச்சடித்தே விடுகிறார்கள். நகத்தால் குறுக்கே வருடினால் நெய்த கட்டம் மேடு மேடாகத் தட்டும், அச்சு வழுக்கிக்கொண்டு போகும். இந்தப் பையில் நகம் தட்டியது, ஆகவே நெசவு நெசவுதான். நூல் எது என்பதற்குத் தண்ணீர் வேண்டும்.

பையை உள்பக்கம் திருப்புங்கள். தையல் ஓரத்தில் பிசிறாக நிற்கும் வெள்ளை நூல் ஒன்றை இரண்டு செ.மீ. அளவுக்கு உருவுங்கள். ஓரம் முழுக்க நாடா வைத்து மூடியிருந்தால் பிரிக்க வேண்டாம், சேதம் என்று சொல்லித் திருப்பி எடுக்க மறுப்பார்கள். டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, நூலை அதற்குள் விரலால் நன்றாகத் தேய்த்துக் காற்றுக் குமிழி போனபிறகு விடுங்கள். டைனீமாவின் அடர்த்தி 0.97, மிதக்கும். நைலான் 1.14, பாலியஸ்டர் 1.38, இரண்டும் மூழ்கும். இந்த நூல் நேராக அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மிதந்தால் உடனே டைனீமா என்று நம்பவும் முடியாது, பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும். ஆனால் மூழ்கியது டைனீமா இல்லை. அதில் வாதத்துக்கே இடமில்லை.

நைலான் மட்டம் என்று சொல்ல வரவில்லை. ஓரிரு நாள் நடைக்கு 100 அல்லது 210 டெனியர் நைலான் ரிப்ஸ்டாப் (கிழிசல் பரவாதபடி கட்டம் கட்டமாக நெய்தது) தாராளம். (9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அத்தனை டெனியர்.) நைலானை நைலான் விலைக்கு விற்றால் யாரும் இந்தப் பதிவை எழுதப்போவதில்லை.

15 கிலோ என்ற வாக்கியத்துக்கு எந்தச் சோதனையும் தேவையில்லை, படித்தவுடனே விலகியிருக்க வேண்டும். ஃப்ரேம் உள்ள பையில் அலுமினியக் கம்பியோ தகடோ சுமையை இடுப்புக்கு இறக்கிவிடும். ஃப்ரேம்லெஸ்ஸில் அந்த வேலையை உள்ளே அடைத்த சாமான்கள்தான் செய்தாக வேண்டும். சுமை ஏற ஏறத் தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் துணி மடங்கி உட்காரும். முதுகு நீளம் குறையும், இடுப்புப் பட்டை தொளதொளக்கும், மொத்தப் பாரமும் தோளில் தொங்கும். தண்ணீர், சாப்பாடு எல்லாம் சேர்த்து 7, 8 கிலோ வரை நிம்மதி. 9 கிலோ சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் ஒரு கிலோ எடையுள்ள ஃப்ரேம் பையே உடம்புக்கு லேசாக இருக்கும். இன்னொரு வேடிக்கை: இந்தப் பையின் தோள்பட்டை உச்சியில் லோட் லிஃப்டர் வார்கள் இருக்கின்றன. அவை தோளுக்கு மேலே நிற்கும் ஃப்ரேமைப் பிடித்து இழுக்க வேண்டியவை. ஃப்ரேமே இல்லாத பையில் இழுத்தால் துணிதான் சுருங்கும். அந்த வார் இருப்பதே, வடிவமைத்தவர் இதை முதுகில் போட்டு நடந்து பார்க்கவில்லை என்பதற்கு அடையாளம்.

தையலைப் பற்றித் திருப்பூரில் யாரிடம் காட்டினாலும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். இஞ்சுக்கு ஐந்து தையல்தான் ஓடியிருக்கிறது. பைக்கு எட்டு முதல் பத்து வேண்டும். தோள்பட்டை பையோடு சேரும் இடத்தில் பார்டாக் (இழுவை விழும் இடத்தில் நெருக்கமாகப் போடும் வலுத்தையல்) இல்லை, ஒற்றை நேர்த்தையல். தோள்பட்டையின் கீழ்முனை நாடாவை முக்கோணத் துண்டு எதுவும் வைக்காமல் பக்கத் தையலுக்குள் நேரே செருகியிருக்கிறார்கள், அதனால் இழுவை முழுவதும் அரை இஞ்சு அகலத்தில் விழுகிறது. 7 கிலோ ஏற்றித் தோள்பட்டையில் ஒரு ராத்திரி தொங்கவிட்டதில், காலையில் வலது பட்டையின் அடியில் ஊசித்துளைகள் நீள்வட்டமாக விரிந்திருந்தன. உள்ளே டார்ச் அடித்தால் பத்துப் பதினைந்து துளிகளாக வெளிச்சம் தெரிகிறது. நூல் அறவில்லை, துணிதான் நூலைவிட்டு நழுவுகிறது. நடந்துகொண்டிருக்கும்போது இது நடந்தால் ஊசி நூலாலும் தைக்க முடியாது, பிடிக்கத் துணி இருக்காது.

வாட்டர்ப்ரூஃப் விஷயம் சுருக்கமானது. துணியில் கோட்டிங் இருக்கிறது, தையலின் மேல் தண்ணீர் புகாமல் ஒட்டும் டேப் இல்லை. அடிப்பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் தையல் வழியே சொட்டும். இதற்காக மட்டும் எந்தப் பையையும் நிராகரிக்க வேண்டாம், விலை உயர்ந்த பல பைகளும் இப்படித்தான். உள்ளே கனமான பாலிதீன் உறை ஒன்றை லைனராகப் போட்டு, வாயை முறுக்கி மடித்துவிட்டால் வேலை முடிந்தது.

சரி, நல்ல பையே கிடைத்தாலும் அடுக்கத் தெரியாவிட்டால் அதுவும் மூட்டைதான். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் நிஜச் சுமையோடு அடுக்கிப் பார்க்க வேண்டும். அரிசி மூட்டையைப் போட்டுப் பார்ப்பது தப்பு. அது அடியில் போய்க் குந்திக்கொண்டு எந்தப் பையையும் மோசமாகக் காட்டும். ஓரிரவுச் சாமான் சுமார் இப்படி வரும்: ஸ்லீப்பிங் பேக் 800 கிராம், ஃபோம் பாய் 400, சிறு டென்ட் 1,000, மழைச் சட்டை 250, மாற்றுத்துணி 500, அடுப்பும் பாத்திரமும் 350, பவர் பேங்க் 220, முதலுதவி 150, தலைவிளக்கு 80. மொத்தம் 3,750. தண்ணீர் இரண்டு லிட்டர், சாப்பாடு ஒரு கிலோ, பை அரைக் கிலோ. ஏழேகால் கிலோவில் நிற்கும்.

அடியில் ஸ்லீப்பிங் பேக். அதன் சிறு உறையிலிருந்து வெளியே எடுத்து, லைனருக்குள் தளர்வாகத் திணியுங்கள். மூலை முடுக்கெல்லாம் தானே நிரம்பும். புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் உருண்டையாகக் கட்டுவது. பூசணிக்காய்களைச் சாக்கில் போட்டதுபோல நடுவில் சந்து விழும், சந்து விழுந்த இடத்தில் பை மடங்கும். அதன்மேல், முதுகெலும்பை ஒட்டி, இடுப்புக்கும் தோள் எலும்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் சாப்பாடும் டென்ட்டும். பாத்திரத்தைத் துணியால் சுற்றி முதுகிலிருந்து விலக்கி வையுங்கள். மேலே மழைச் சட்டை. வெளி வலையில் ஈரமானதும் எடை இல்லாததும் மட்டும், கனத்தை அங்கே வைத்தால் பை பின்னால் இழுக்கும். தண்ணீர் பக்கத்துக்கு ஒரு லிட்டர். இரண்டு புட்டியிலும் மாறி மாறிக் குடியுங்கள். நீலகிரியில் சிறு பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் அங்கே எவர்சில்வர் புட்டியின் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஃபோம் பாய்தான் பைக்கு முதுகெலும்பு. மடக்குப் பாயைத் தட்டையாக மடித்து முதுகுப் பக்கம் நிறுத்துவது எளிய வழி. இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது: பரவலாகக் கிடைக்கும் மடக்குப் பாய்களின் அகலம் 51 செ.மீ. இந்தப் பையின் உயரமோ 46. பாய் வெளியே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும், வாயைச் சுருட்ட முடியாது. பையின் முதுகு உயரத்தை முன்கூட்டியே கேளுங்கள், 52-க்குக் குறைந்தால் இந்த முறை நடக்காது.

மூடும் முன் பையை முதுகுப் பக்கம் மேலே தெரியும்படி கிடத்தி, உள்ளங்கையால் நடுவில் அழுத்தித் தட்டையாக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் பீப்பாய் மாதிரி உருண்டு, முதுகில் ஒரே இடத்தில் முட்டும். பிறகு நிறுத்தி, இடுப்பு வரும் உயரத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள். இறுக்கச் சுருட்டிய கோரைப்பாய் மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். விரல் உள்ளே போனால் அங்கே சந்து, துணியை இன்னும் கொஞ்சம் திணியுங்கள். பை பாதிதான் நிரம்புகிறது என்றால் உங்களுக்கு அது பெரிய பை. ஒருநாள் நடைக்கு 20, 25 லிட்டரே போதும்.

இனி பணம் திரும்ப வாங்கும் கதை. முதல் பதில்: "பயன்படுத்திய பொருள், எடுக்க மாட்டோம்." இரண்டாவது பதில்: "அளவுகளில் சிறு வேறுபாடு இருக்கலாம்." 480-க்கு 742 என்பது பாதிக்கு மேல் கூடுதல், சிறு வேறுபாடு அல்ல. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

புகாரில் கோபத்தை எழுதாமல் படங்களை வையுங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் (தேதி தெரியும்படி), தராசு எண் தெரியும் படம், டேப் சுற்றிய படம், மூழ்கிய நூல், பார்சலைப் பிரித்த வீடியோ. பையின் லேபிளை வெட்ட வேண்டாம். இந்தப் பைக்கு 1915 உதவி எண்ணில் புகார் பதிந்த பதினொன்றாம் நாள் பணம் முழுதாகத் திரும்ப வந்தது. விளம்பரம் இன்னும் இருக்கிறது. "டைனீமா" என்று இருந்த இடத்தில் இப்போது "டைனீமா டைப்" என்று மாற்றியிருக்கிறார்கள். 40 லிட்டரும் 15 கிலோவும் அப்படியே.