‘ஜொனாதன் ஸ்ட்ரேஞ்ச் & மிஸ்டர் நோரெல்’: எட்டு வருடம், மூன்று வாசிப்பு

சூசன்னா கிளார்க்கின் இந்த நாவலை நான் வாங்கி எட்டு வருடமாகிறது. வெளிவந்தது 2004-இல். என்னிடம் இருப்பது ஆயிரம் பக்கத்தை ஒட்டிய பேப்பர்பேக். முதல் தடவை இருநூறாவது பக்கத்தோடு மூடிவிட்டேன். இங்கிலாந்து நெப்போலியனோடு மோதிக்கொண்டிருந்த காலத்தில் நடக்கும், இரண்டு மந்திரவாதிகளின் கதை. தலைப்பில் முதலில் நிற்கும் ஸ்ட்ரேஞ்சைத் தேடினால் அவர் வந்தபாடில்லை. நோரெல்தான் மந்திர நூல்களையெல்லாம் வாங்கிக் குவித்து, யார் கண்ணிலும் படாமல் காவல் காக்கிறார்.

இரண்டு வருடம் கழித்து, இரவுக்கு ஒரு அத்தியாயம் என்று மறுபடி ஆரம்பித்தேன். மொத்தம் 69 அத்தியாயங்கள். அப்போதுதான் யார்க் பேராலயக் காட்சி என்னைப் பிடித்துக்கொண்டது. வெளியே பனிக்காலம். உள்ளே மந்திரத்தைப் பற்றிப் படித்து மட்டுமே பழகிய கனவான்கள். நோரெல் அங்கே வரக்கூட இல்லை, தன் ஆளைத்தான் அனுப்பியிருக்கிறார். திடீரென்று எங்கோ உயரத்தில் இருந்த ஒரு சின்னக் கற்சிலை பேசுகிறது. பல நூற்றாண்டுக்கு முன் அங்கே கொலையுண்ட ஒரு பெண்ணைப் பற்றி. அவள் கூந்தலில் கொடி இலைகள் இருந்தன, பார்த்தது கற்கள் மட்டுமே. இத்தனை நாள் சொல்ல ஆளில்லாமல் அந்தக் கல் காத்திருந்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அடிக்குறிப்புகள் இருநூறுக்குச் சற்றுக் குறைவு. சில, பக்கக்கணக்கில் ஓடும். அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். வட இங்கிலாந்தை முந்நூறு ஆண்டு ஆண்ட காக்கை அரசனின் கதை பாதி அங்கேதான் இருக்கிறது. மின்னூலில் குறிப்புக்குப் போய்த் திரும்புவதற்குள் எனக்கு இழை அறுந்துபோகும், அதனால் அச்சுப் புத்தகமே மேல். நோரெலோடு ஒட்டிக்கொள்ளும் ட்ராலைட், லாசெல்ஸ் என்ற கனவான்கள் வருகிற லண்டன் வரவேற்பறைப் பக்கங்கள் மட்டும் இன்றும் எனக்கு நீளம்தான். 2015-இல் பிபிசி ஏழு பகுதிகளாக எடுத்த தொடர் நன்றாகவே இருக்கிறது. ஆனால் படித்துவிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது வாசிப்பைப் போன மாதம்தான் முடித்தேன். லேடி போல் இறந்து, மந்திரத்தால் மீண்டவள். அதற்கு விலையாக இரவெல்லாம் தேவதை மாளிகையில் ஆட வேண்டும். அதைச் சொல்ல வாயெடுத்தால் சம்பந்தமில்லாத பழங்கதைதான் வரும். அதே மாளிகைக்கு இழுக்கப்படும், அவள் வீட்டு வேலையாள் ஸ்டீபன் பிளாக்கும் தன் துயரத்தைச் சொல்லப் போய், பட்டாணியும் பீன்ஸும் பயிரிடுவதைப் பற்றிப் பேசுகிறான். முதல் தடவை இதையெல்லாம் கதை தடம் மாறுகிறது என்று நினைத்து வேகமாகப் புரட்டினேன். அவர்கள் சொல்வதைக் கேட்டும் கேட்காமல் போன அந்த வீட்டு மனிதர்களைப் போலவே நானும் கடந்து போயிருக்கிறேன். இப்போது அந்த இடம் வந்தால் அடுத்த வரிக்குப் போக எனக்கு நேரமாகிறது.