ஓதோ என்று விற்கப்பட்ட கால்பா: அலெக்சாந்திரியா நாணயம் வாங்குவோர் கவனத்திற்கு

எகிப்தின் அலெக்சாந்திரியா அக்கசாலையில் அடிக்கப்பட்ட ரோமானிய மாகாண நாணயங்களைப் பதினோரு ஆண்டுகளாகச் சேர்த்தும் படித்தும் வருகிறேன். சென்ற ஆண்டு லண்டனில் நடந்த ஒரு நாணயச் சந்தையில், ரோமானியப் பேரரசர் ஓதோவின் டெட்ராடிராக்ம் (நான்கு டிராக்மா மதிப்புள்ள காசு) என்று சொல்லி ஒரு வணிகர் விற்ற காசை 580 பவுண்டு கொடுத்து வாங்கி ஏமாந்தேன். அந்த மோசடி நின்றபாடில்லை என்று தெரிந்ததால் இதை எழுதுகிறேன்.

ஓதோ கி.பி. 69 ஜனவரி 15 அன்று பேரரசராக அறிவிக்கப்பட்டு, ஏப்ரல் 16 அன்று தற்கொலை செய்துகொண்டவர். அவருடைய மூன்று மாத ஆட்சியில் ரோம் நகர அக்கசாலை பொன்னும் வெள்ளியும் அடித்ததே தவிர, வெண்கலம் அடிக்கவில்லை. பன்னிரண்டு சீசர்களின் (ஜூலியஸ் சீசர் முதல் டொமிஷியன் வரையிலான ரோமானிய ஆட்சியாளர்களின்) காசுகளையும் வரிசையாகச் சேர்க்க விரும்புகிறவர்கள் ஓதோவுக்கு வந்ததும் திணறி, அந்தியோக்கியாவின் வெண்கலக் காசையோ அலெக்சாந்திரியாவின் டெட்ராடிராக்மையோ தேடத் தொடங்குகிறார்கள். மோசடிக்காரர்களுக்கு இந்தத் தேவை நன்றாகத் தெரியும்.

நான் வாங்கிய காசின் முகப்பில் ஓதோவின் தலையும் கிரேக்க எழுத்தில் அவர் பெயரும் இருந்தன. பின்புறத்தில், மாலையும் செங்கோலும் ஏந்தித் தூணில் சாய்ந்து நிற்கும் சுதந்திரத் தேவி எலூதெரியா. எடை 12 கிராமுக்குச் சற்று மேல், விட்டம் 24 மில்லிமீட்டர், ஓரத்தில் வார்ப்பின் அடையாளம் ஏதும் இல்லை. போலி என்று நினைக்க இடமே இல்லை, ஏனென்றால் உலோகம் உண்மையாகவே பழையது. தேவியின் அருகே, ஆண்டு பொறிக்கப்பட்டிருக்க வேண்டிய இடத்தை மட்டும் மண் மூடியிருந்தது. தோண்டியெடுத்த மண்ணை அப்படியே விட்டிருப்பதாகவும், அதன் கீழ் முதலாம் ஆண்டைக் குறிக்கும் கிரேக்க எழுத்தான ஆல்பா இருப்பதாகவும் வணிகர் சொன்னார், நான் நம்பினேன்.

சில வாரங்கள் கழித்து அசிட்டோனில் ஓர் இரவு ஊறவைத்தேன். உண்மையான மண்ணும் களிம்பும் அசிட்டோனில் கரைவதில்லை. ஆனால் இந்த மண் பசையோடு சேர்ந்து கூழாகக் கழன்று வந்தது. கீழே தெரிந்தது ஆல்பா அல்ல, பீட்டா.

அந்த ஓர் எழுத்து போதும். எகிப்தில் பேரரசரின் ஆட்சியாண்டு ஆகஸ்ட் 29 அன்று, எகிப்திய ஆண்டுப் பிறப்பில், மாறும். ஆண்டைக் குறிக்கும், இலத்தீன் எல் எழுத்தை ஒத்த குறியை அடுத்து ஆல்பா வந்தால் முதலாம் ஆண்டு, பீட்டா வந்தால் இரண்டாம் ஆண்டு. ஓதோ ஏப்ரலிலேயே இறந்துவிட்டதால் அவருக்கு இரண்டாம் ஆண்டு கிடையாது. அவருக்கு முன் ஆண்ட கால்பாவோ 68 ஜூனில் பதவிக்கு வந்தவர். ஆகஸ்ட் 29 அன்று அவருடைய இரண்டாம் ஆண்டு பிறந்துவிட்டது. இருவரின் காசுகளிலும் எலூதெரியா உண்டு என்பதால் பின்புறத்தைத் தொடவேண்டிய அவசியம்கூட மோசடிக்காரருக்கு இருக்கவில்லை. கால்பாவின் பெயரைச் செதுக்கி ஓதோவாக்கி, அந்த முதியவரின் தலையில் சுருள்முடியும் வரைந்து, மாற்ற முடியாத பீட்டாவைப் பசைமண்ணால் மூடியிருக்கிறார்.

பிறகு பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தபோது மற்றவையும் தெரிந்தன. காசில் எழுத்துகள் மேடாக இருப்பவை; ஆகவே புதிய எழுத்தை உருவாக்க வேண்டுமானால் சுற்றியுள்ள தளத்தைச் சுரண்டித் தாழ்த்தித்தான் ஆகவேண்டும். பெயர் உள்ள பகுதியில் மட்டும் தளம் பள்ளமாக, இணைகோடுகளான கீறல்களோடு இருந்தது. அச்சு அடிக்கும்போது உலோகம் வழிந்து எழுத்தின் அடியில் உண்டாகும் மென்மையான சரிவு அங்கே இல்லை. கத்தி வெட்டியதுபோல் நின்றது. 1992இல் வெளிவந்த ரோமானிய மாகாண நாணயங்கள் தொகுப்பின் முதல் தொகுதி கி.மு. 44 முதல் கி.பி. 69 வரையிலான காசுகளைப் பட்டியலிடுகிறது. பணம் கொடுப்பதற்கு முன் அதை வைத்து ஒப்பிட்டிருக்க வேண்டியது என் கடமை.

வணிகரிடம் கொண்டுபோனபோது, திருப்பித் தர 14 நாள்தான் கெடு என்றார். நான் கழுவியதால்தான் காசு கெட்டது என்றும் சொன்னார். ரசீதில் "இலேசாக மெருகிடப்பட்டது" என்ற சொற்களைக் காட்டினார். செதுக்கியதை மெருகு என்று எழுதுவது பொய். சான்றிதழ் என்று அவர் தந்திருந்த தாளில் கையெழுத்திட்டவரும் அவரேதான். பணம் திரும்பவில்லை. சிதைக்கப்படாமல் இருந்திருந்தால் நல்லதொரு கால்பா காசாக, ஏறத்தாழ 1950 ஆண்டு கடந்து வந்த சான்றாக அது இருந்திருக்கும். அந்த இழப்பு என் பணத்தைவிட அதிகமாக வருத்துகிறது.

கடந்த மாதம் அதே வணிகரின் தட்டில் இன்னொரு ஓதோவைப் பார்த்தேன். அதே எலூதெரியா, ஆண்டு இருக்கவேண்டிய அதே இடத்தில் அதே நிற மண். அவரிடமோ வேறு எவரிடமோ அப்படியொரு காசைக் கண்டால், பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் கண்முன்னே அசிட்டோன் துளியால் அந்த மண்ணை அகற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் காசைத் தட்டிலேயே வைத்துவிடுங்கள்.